மரங்கொத்தியும் உள்கணினியும்

கடலோர ஊர் ஒன்றில் பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் சிறிய பள்ளி இருந்தது. பவளக்கொடி அங்கே கணினி ஆசிரியை. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்.

அவருக்கு ஒரு சீடர் உண்டு. பெயர் திரவியம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆசிரியையைப் போல இரண்டு மடங்கு வயது. ஒருநாள் மின்விசிறி மாட்ட வந்தவர், ஆசிரியை கணினியைப் பேசவைத்து வேலை வாங்குவதைக் கண்டு ஏணியிலேயே நின்றுவிட்டார். இறங்கி வந்து, "எனக்கும் சொல்லித் தருவீங்களா டீச்சர்?" என்று கேட்டார். அன்று முதல் மதியச் சாப்பாடு முடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடுவார். ஆசிரியை உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். நாற்காலி நகரும் சத்தத்தில் அவருக்கும் அது தெரியும்.

பள்ளியில் ஒரு பழைய பிரெய்ல் அச்சு இயந்திரம் இருந்தது. யூஎஸ்பி வயரில் கணினியோடு இணைத்தால், காகிதத்தில் புள்ளி புள்ளியாகக் குத்தித் தள்ளும். அது போடும் சத்தத்தைக் கேட்டுப் பிள்ளைகள் அதற்கு மரங்கொத்தி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஐப்பசி மழையில் இடி விழுந்து, அதை ஓட்டிவந்த கணினி கருகிப்போனது. புதிதாக ஒன்று வந்தது. அதற்கு மரங்கொத்தியை யாரென்றே தெரியவில்லை.

மறுநாள் அரையாண்டுத் தேர்வு. மரங்கொத்தி குத்தாவிட்டால், ஒருவர் நின்று கேள்விகளை வாசிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது பிடிக்காது. யோசித்து எழுதுகிறவனும் வேகமாக எழுதுகிறவளும் ஒரே குரலுக்குக் காத்திருக்க வேண்டும்.

திரவியம் காலையிலேயே வந்துவிட்டார். எதைச் செய்தும் பலனில்லை.

"வண்டி இருக்கு டீச்சர், டிரைவர் இல்லே. புதுக் கணினிக்கு இதோட டிரைவரை, அதான் இதை ஓட்டுற புரோகிராமை, எவனும் எழுதி வைக்கலை."

"பழைய கணினிக்கு?"

"அதுக்கு இருக்கு. நம்ம அலமாரி சிடியிலேயே கிடக்கு."

"அப்போ பழைய கணினியையே கட்டுங்க."

"அதுதான் கருகிப்போச்சே."

"இதுக்குள்ளேயே கட்டுங்க அண்ணாச்சி. பெரிய வீட்டுக்குள்ளே ஒரு அறை மாதிரி."

ஆசிரியை திரவியத்துக்கு வழியைச் சொன்னார். புதுக் கணினிக்குள், வெறும் மென்பொருளாலேயே ஆன ஒரு பாவனைக் கணினி எழுந்தது. திரவியம் அதில் பழைய விண்டோஸ், பழைய டிரைவர், எல்லாம் ஏற்றினார். திரையின் நடுவே பச்சைப் புல்வெளியும் நீல வானமுமாகப் பழைய உலகம் திறந்துகொண்டது. திரவியம் பழைய சிநேகிதனைப் பார்த்தவர்போலச் சிரித்தார்.

வயரைச் செருகினார். மரங்கொத்தி அசையவில்லை.

பிடுங்கிச் செருகினார். துளை மாற்றினார். வயரை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் புதுக் கணினி, 'இந்தச் சாதனம் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்று வாசித்துக் காட்டியது. உள்ளே இருந்த கணினி வாயே திறக்கவில்லை.

மதிய மணி அடித்தது. திரவியம் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கேக்கிறதை எல்லாம் குடுத்துட்டேன் டீச்சர். உள்ளே இருக்கிறதுக்கு ஏன் இது தட்டுப்படவே இல்லே?"

ஆசிரியை மேசையிலிருந்து ஒரு பிரெய்ல் தாளை எடுத்து நீட்டினார்.

"இதை வாசிங்க."

திரவியம் இப்போதுதான் விரலால் எழுத்துக்கூட்டப் பழகியிருந்தார். தாளைப் பிடித்தார். அது வரவில்லை. மறுமுனை ஆசிரியையின் கையில் இருந்தது.

மெல்ல இழுத்தார். அவரும் இழுத்தார்.

"கிழிஞ்சிரும் டீச்சர்."

"வாசிங்க அண்ணாச்சி. தந்துட்டேனே."

"தந்தீங்க. விடலையே."

சொன்னவர் அப்படியே நின்றார். பிறகு தாளை விட்டுவிட்டுக் கணினியின் முன் போய் உட்கார்ந்தார்.

வயரைப் பிடுங்கினார். இந்தப் பெயருள்ள சாதனம் வந்தால் நீ தொடாதே, உள்ளே அனுப்பிவிடு என்று புதுக் கணினிக்கு எழுதி வைத்தார். அதன் பிறகே செருகினார்.

புதுக் கணினி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளிருந்து ஒரு சின்ன மணியோசை கேட்டது.

திரவியம் கேள்வித்தாளை அனுப்பினார். மரங்கொத்தி கொத்தத் தொடங்கியது. மேசை ஆடியது, ஜன்னல் கம்பி அதிர்ந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுகளின் சத்தம் நின்றது. அடுத்த நிமிடம் பிள்ளைகள் சுவரைத் தடவிக்கொண்டு கூட்டமாக வந்து வாசலை அடைத்துவிட்டார்கள். ஒருத்தி அந்தத் தாளத்துக்குக் கதவில் விரலால் தட்டினாள்.

"கேள்வியைத் தொட்டுப் பாக்கக் கூடாது, போங்க," என்று ஆசிரியை சிரித்துக்கொண்டே விரட்டினார்.

முதல் தாள் வெளியே வந்தது. அவர் அதை மடியில் வைத்து விரலை ஓட்டினார். திரவியம் பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. ஒரு குழப்பமும் இருந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"இந்த மரங்கொத்தி இரும்பு. தூக்கிப் பார்த்தேன், இடுப்பு பிடிச்சுக்கிச்சு. ஆனா உள்ளே இருக்கிற கணினி வெறும் பாவனை. கையும் இல்லே, காலும் இல்லே, மூடினா மறைஞ்சிரும். இல்லாத ஒண்ணு சொல்லி, இருக்கிற ஒண்ணு எப்படி டீச்சர் கேட்டுச்சு?"

ஆசிரியையின் விரல் தாளின் நடுவே நின்றது. பின்னால் போய் மறுபடியும் அதே வரியைத் தடவியது.

"நாலாங் கேள்வியில 'பழம்'ங்கிறதை அது 'பலம்'னு சொல்லியிருக்கு, இரும்பும் அப்படியே குத்தியிருக்கு. திருத்திட்டு வாங்க அண்ணாச்சி."