மூக்கை முக்காத படகு

வாங்கும்போது எவ்வளவு பணிவு உனக்கு! குழைந்தாய், கெஞ்சினாய், அக்கா என்றாய், மச்சான் என்றாய். வாங்கியது உடம்போடு ஒட்டியதும் யாரிடம் வாங்கினோம் என்பதே மறந்துபோச்சு. நீ யாரென்று இங்கே யாரும் சொல்லப்போவதில்லை. கதையைக் கேள், உனக்கே உறைக்கும்.

கடலும் கரையும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மீனுக்கு வாய் இருந்தது, பறவைக்கு இருந்தது, படகுக்கும் இருந்தது. படகுகள் வயிற்றில் இயந்திரத்தோடேயே பிறந்தன. யாருடைய உடம்பும் அப்போது இறுகிப்போகவில்லை. ஒருவர் வடிவத்தை இன்னொருவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு முறைமைதான். வாங்குகிறவர் தன் மூக்கைத் தண்ணீரில் முக்கி, பதிலுக்கு என்ன செய்வேன் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னது கடலின் காதில் விழுந்த சொல், மீறக் கூடாது.

அந்தக் கரையில் தட்டையன் என்றொரு படகு. கழித்துப்போட்ட பலகைகளிலிருந்து தானாகவே எழுந்து வந்தவன். தூக்கிவிட யாருமில்லை. பேரம் பேசியே இயந்திரத்துக்கு எண்ணெய் வாங்கினான், பேரம் பேசியே துறையில் இடம் பிடித்தான். மூக்குக்கு மேலே கோபம். பேருக்கேற்ற தட்டை வயிறு. உப்பங்கழியில் அவனை முந்த ஆளில்லை, ஓட்டுச் சில்லை வீசியது போலப் பறப்பான்.

ஆனால் பந்தயம் நடந்தது நடுக்கடலில், கச்சான் என்கிற மேல்காற்று வீசுகிற நாளில். கரையிலிருந்து கிளம்பித் தீவைச் சுற்றி வரவேண்டும். அங்கே ஒவ்வோர் அலையும் அவன் வயிற்றில் ஓங்கி அறைந்தது. ஆணி ஆணியாகக் கழன்று, எல்லோருக்கும் கடைசியாக முனகிக்கொண்டே வந்து சேர்ந்தான்.

பந்தயத்துக்கு நடுவர் கூழைக்கடா. கம்பத்தின் மேல் உட்கார்ந்து தாடைப் பையை ஆட்டியது.

"என்னலே தட்டையா! நீ வர்ற சத்தத்தைக் கேட்டு யாரோ துணி துவைக்கிறாங்கன்னுல்லா நினைச்சேன்!"

கரையே சிரித்தது.

"சிரிங்க அண்ணாச்சி. அடுத்த பந்தயத்துல பாருங்க."

"அதுலயும் இதே கதைன்னா உன்னைக் கவிழ்த்துப் போட்டுக் கோழி அடைச்சிருவோம். முதுகு சமமா இருக்குதா, மேலே கருவாடு காயப்போட்டுக்கலாம்."

சிரிப்பு இன்னும் பெரிதானது. தட்டையனால் சிரிக்க முடியவில்லை. மணலில் கவிழ்ந்த படகு மறுபடி தண்ணீரைப் பார்த்ததில்லை.

நேரே ஓங்கிலிடம், அதாவது டால்பினிடம், போனான். ஓங்கில் அலையைக் கிழித்துப் போகிற அழகை அவன் பொறாமையோடு பார்த்திருக்கிறான். அலை அதை அறைவதே இல்லை. கூரான மார்பில் பட்டு இரண்டு பக்கமும் வழிந்து ஓடிவிடும்.

"அக்கா, உன் மார்போட வாட்டத்தை எனக்குக் கொடு."

"கொடுத்தா?"

"என்ன வேணும், கேளு."

"தீவுக்குப் போற வழியில குட்டிப்பார் இருக்கு. தண்ணிக்குள்ள கிடக்கிற அந்தப் பாறைத்திட்டு மேலதான் எங்க குட்டிங்க பால் குடிக்கும். அங்கே வரும்போது இயந்திரத்தை அணைச்சிரு. அலை தள்ளுற வேகத்துல மிதந்து போ."

தட்டையன் பேரத்தைத் தொடங்கினான். "பந்தயத்துல அணைக்கிறதா? பாதி வேகத்துல போறேனே."

"அணைக்கணும்."

"கால் வேகம்? சத்தமே வராது அக்கா."

"தம்பி, உன் காத்தாடிக்குக் கண் இருக்கா?"

வாலடியில் தண்ணீரைத் தள்ளிச் சுழல்கிற காத்தாடிக்கு ஏது கண்? தட்டையன் மூக்கை முக்கினான். "குட்டிப்பார் வந்தால் அணைப்பேன்" என்றான். ஓங்கில் அவனுக்கு அடியில் போய் மார்பை அழுத்தியது. தட்டை வயிறு நடுவில் கூராகி, இரு பக்கமும் கூரைச் சரிவு போல உயர்ந்தது.

இப்போது அலை அறையவில்லை. ஆனாலும் வேகம் போதவில்லை. உடம்பு முழுவதும் தண்ணீருக்குள் கிடந்து இழுத்தது. பக்கத்தில் பறவைக்கோலா மீன் ஒன்று நீரை விட்டு எழும்பி, வாலின் கீழ்நுனியால் மட்டும் தண்ணீரைச் சடசடவென்று அடித்தபடி பாய்ந்து போனது.

"மச்சான், மச்சான்! அந்த வித்தையைச் சொல்லிட்டுப் போயேன்!"

கோலா திரும்பி வந்தது. "உன் காத்தாடியை ஆழத்துல புதைச்சு வெச்சிருக்கே. மேலே தூக்கு. பாதி உள்ளே, பாதி வெளியே. உடம்பு பறக்கட்டும், வால் மட்டும் வேலை செய்யட்டும்."

"உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். ஜெயிச்சா இது கோலாவோட வித்தைன்னு கரையில சொல்லு. என்னை எல்லாரும் கருவாட்டுக்குத்தான் தெரிஞ்சு வெச்சிருக்காங்க."

தட்டையன் சிரித்துக்கொண்டே மறுபடி மூக்கை முக்கினான்.

பந்தய நாள் வந்தது. போகிற வழியில் குட்டிப்பாரில் சொன்னபடி அணைத்தான். அடி ஆழமான மற்றப் படகுகள் பாறைத்திட்டைச் சுற்றி முன்னே போயின, இவன் அதன் மேலேயே மிதந்தான். அவனுக்குக் கவலையில்லை. திட்டு கடந்ததும் கிளம்பினான், தீவை அடைவதற்குள் எல்லோரையும் பிடித்துவிட்டான். திரும்பும்போது அவனோடு ஒட்டி வந்தது நெட்டையன் என்கிற நீளப் படகு ஒன்றுதான்.

தூரத்தில் கரை தெரிந்தது. அதற்கு முன்னால் குட்டிப்பார். நெட்டையன் சுற்றிப் போகத் திரும்பினான். போகிற போக்கில், "என்ன, துணிக்கல்லு! மறுபடி தூங்கப் போறியா? கோழிக்கு நான் தவிடு கொண்டாரேன்!" என்று கத்தினான்.

ரத்தம் தலைக்கேறியது. இந்த ஒரு தடவை மட்டும், என்று நினைத்தான் தட்டையன். குட்டிகள் சத்தம் கேட்டு விலகிவிடும். வராமலேகூட இருந்திருக்கும். ஓங்கில் அக்காவிடம் பிறகு பேசிக்கொள்ளலாம், பேசினால் படியாத ஆள் உண்டா?

அவன் அணைக்கவில்லை.

காத்தாடியில் மெத்தென்று ஏதோ பட்டது. பின்னால் தண்ணீர் சிவந்தது. அடுத்த நொடி தாய் ஓங்கில் அடியிலிருந்து பாய்ந்து, அவனை நிறுத்துவதற்காக வயிற்றைக் குறுக்கே கடித்துப் பிளந்தது. கூரான வயிற்றில் படி போல ஒரு வெட்டு விழுந்தது.

அங்கேதான் வினை. வழவழப்பான வயிற்றை அதுவரை கடல் உறிஞ்சிப் பிடித்திருந்தது. வெட்டு வழியாகக் காற்று புகுந்ததும் அந்தப் பிடி விட்டுப்போனது. நிறுத்த நினைத்த காயமே அவனை இன்னும் விரட்டியது. தட்டையன் கரையில் போய் முட்டித்தான் நின்றான்.

"ஜெயிச்சிட்டான்லே!" என்று கூழைக்கடா சிறகடித்தது. "யார்கிட்டடா கத்துக்கிட்டே?"

அவனைச் சுற்றி ஆரவாரம். "எல்லாம் சொந்தப் புத்திதான் அண்ணாச்சி" என்று வாய் சொல்லிவிட்டது. சற்றுத் தள்ளி, தண்ணீருக்கு மேலே ஆவலோடு துள்ளிய பறவைக்கோலா அப்படியே உள்ளே போனது.

"சரி, மூக்கை முக்கி வெற்றியைக் கடல்கிட்ட சொல்லு. துறையில முதலிடம் இனி உனக்குத்தான்," என்றது கூழைக்கடா.

தட்டையன் மூக்கைத் தாழ்த்தினான். நேர் கீழே ஓங்கில் நின்றது. பக்கத்தில் அதன் குட்டி. உயிர் இருந்தது. முதுகுத் துடுப்பு பாதிதான் இருந்தது. வலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது.

ஓங்கில் திட்டவில்லை. "முக்கு தம்பி," என்றது. "இங்கேதானே சொன்னே? வந்து இங்கேயே சொல்லு."

எவ்வளவு வாய் அவனுக்கு! எத்தனை பேரம் பேசிய வாய்! ஒரு சொல் வரவில்லை. மூக்கு தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றது. கரை மொத்தமும் பார்த்தது.

மூக்கை வெடுக்கென்று தூக்கினான். திரும்பி ஓடினான்.

அன்றைக்குத் தூக்கிய மூக்குத்தான், பந்தயப் படகு இன்றுவரை தூக்கியபடியே ஓடுகிறது. பார்க்கிறவர்கள் திமிர் என்கிறார்கள். பாதி வெளியே சுழல்கிற காத்தாடி பின்னால் வெள்ளைத் தண்ணீரை வாரி இறைக்கிறதே, அது கரையிடமிருந்து முகத்தை மறைக்க அவன் போட்ட திரை. வயிற்றில் படி படியாக வெட்டு இருக்கிறதே, அது ஒரு தாயின் பல். படகைக் கண்டதும் பறவைக்கோலா எழும்பிப் பறப்பது தன் பெயரைச் சொல்லுவான் என்று இன்னமும் நம்பி. ஓங்கில்கள் படகின் மூக்குக்கு முன்னால் ஓடி ஓடித் திரும்பிப் பார்ப்பது விளையாட்டுக்காக இல்லை, சொன்ன சொல்லைக் கேட்டு.

பந்தயப் படகின் சக்கரத்தைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறாயே, உன்னைத்தான். அவன் வயிறு இப்போது உன்னிடம். அவன் வாலும் உன்னிடம். அவன் சொன்ன சொல் மட்டும் யாருடையதாம்? ஓடியது போதும். அதோ, குட்டிப்பார் வருகிறது. இயந்திரத்தை அணை. அணைத்துப் பார், மூக்கு தானாக இறங்கித் தண்ணீரைத் தொடும். தொடட்டும், விடு.