சூரைப்புதருக்குப் போகும் வழி

பொற்கொடி எறிந்த கல் எலிமேல் படவில்லை. சூரைப்புதரின் அடியில் மோதிக் கிளைகளை உலுக்கியது. தாய்ச் சின்னான் குருவி அலறிக்கொண்டு வெளியே பறந்தது.

முள் கீறியதைப் பார்க்காமல் கிளையை விலக்கினாள். மூன்று குஞ்சுகளும் கூட்டில் இருந்தன. கண் திறக்காமல் வாயை மட்டும் திறந்தன. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

இந்தப் புதரில் இது மூன்றாவது கூடு. முதல் கூட்டில் முட்டைகளை எலி குடித்துவிட்டு ஓடுகளை மிச்சம் வைத்திருந்தது. இரண்டாவதில் குஞ்சுகளுக்கு இறகு முளைக்கும் நேரம். ஒரு காலையில் போய்ப் பார்த்தபோது எலிப்புழுக்கைதான் கிடந்தது.

பொற்கொடி தலை நரைக்கும்வரை குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு, மனம் அடங்க வேண்டும் என்று இந்தக் காட்டுக்கு வந்து, இங்கிருந்த சாமியாரிடம் சேர்ந்தாள். ஆளுக்கொரு குடிசை. சாமி அவளைவிட வயதில் இளையவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அவள் திரும்பி வந்தபோது அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எலி செத்துச்சா அக்கா?"

"தப்பிச்சிருச்சு. நாளைக்குச் சந்தைக்குப் போறப்ப எலி மருந்து வாங்கிட்டு வாங்க சாமி."

"காடு முழுக்கப் போடணுமே. எத்தனை மூட்டை வாங்கட்டும்?"

அவள் சிரிக்கவில்லை.

"இந்தக் கூடும் போச்சுன்னா நான் இங்க இருக்க மாட்டேன். திருப்பூருக்கு, மகன் வீட்டுக்கே போயிடறேன்."

"போங்க. அங்க எலியெல்லாம் சைவம்."

"கிண்டல் பண்ணாதீங்க."

"சரி. இன்னைக்கு எத்தனை தடவை போய்ப் பார்த்தீங்க?"

"யாரு எண்ணுனா? வார்டுல ரவுண்ட்ஸ் போன காலு. ஒரு தடவை பார்த்துட்டு வந்தாத்தான் அடுத்த வேலையில கை ஓடுது. இவ்வளவு காவல் காத்தும் வருதே, அதுதான் எனக்குப் புரியலை. இத்தனை பெரிய காடு. எத்தனையோ புதர். எலி எப்படி நேரா இந்தப் புதருக்கே வருது?"

சாமி கீரையை வைத்துவிட்டு எழுந்தார். அடுப்புச் சாம்பலை முறத்தில் அள்ளிக்கொண்டு புதர்ப் பக்கம் நடந்தார். புதரை விட்டுத் தள்ளி, சுற்றிலும் சாம்பலைத் தூவினார். அவள் முறத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள்.

"சாம்பலுக்கு எலி பயப்படுமா?"

"விடியட்டும். அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க."

"இருட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை..."

"வேண்டாம்."

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சருகு நகர்ந்தாலும் எழுந்து வாசலுக்கு வந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலைத் தாண்டவில்லை.

விடிந்ததும் அவள்தான் சாமியை எழுப்பினாள்.

காட்டைப் பார்த்த பக்கமெல்லாம் சாம்பல் தூவியபடியே கிடந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அவள் முகம் தெளிந்தது. சுற்றிக்கொண்டு குடிசைகளைப் பார்த்த பக்கம் வந்தவள் சட்டென்று நின்றாள்.

அங்கே ஓரிடத்தில் மட்டும் சின்னச் சின்னக் கால்தடங்கள். நடுவே வால் இழுத்த கோடு. புதருக்குப் போனதும் திரும்பியதும் அதே இடத்தில்தான்.

தடம் எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்த்தாள். அந்த வழியில் புல் படுத்துக் கிடந்தது. அங்கங்கே செம்மண் தெரிந்தது. நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதை. அது அவளுடைய குடிசை வாசலில் போய் முடிந்தது.

புதரில் சத்தமில்லை.

"குஞ்சுங்க இருக்கா சாமி?"

"தெரியலை."

ஒரு காலைத் தூக்கினாள். தூக்கிய இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

தள்ளி நின்ற மரத்தில் தாய்ச் சின்னான் உட்கார்ந்திருந்தது. அலகில் ஒரு பச்சைப் புழு. அவர்களையே பார்த்தபடி கிளையில் இப்படியும் அப்படியும் நகர்ந்ததே தவிர, கீழே இறங்கவில்லை.

"நான் போய்ப் பார்க்காம, அதுங்க இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"எலிக்கும் அது தெரியாமத்தான் இருந்தது அக்கா."

பொற்கொடி குனிந்தாள். காலடியில் படுத்துக் கிடந்த புல்லை விரலால் நிமிர்த்திவிட்டாள். பிறகு அதற்குப் பக்கத்தில் இருந்ததை. அப்படியே ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டு, குடிசையை நோக்கிப் பின்பக்கமாகவே நகர்ந்தாள்.