நீலாயியின் எரியாத அடுப்பு

வெகு காலத்துக்கு முன்னால், அடுப்புகளுக்கும் வாய் இருந்த நாளில், பொன்னாவரை என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே ஒரு கூட்டம் தஞ்சம் கேட்டு வந்தது. ஒரு மந்திரவாதி அவர்கள் ஊரைக் கடலுக்குள் தள்ளிவிட்டான். அதோடு விட்டானா? "போகிற இடத்தில் உங்கள் அடுப்பு லேசில் எரியாது. முதல் மழைக்குள் எரியாவிட்டால் கொக்காகிப் பறந்து போவீர்கள்" என்று சாபமும் கொடுத்தான்.

ராஜா இரக்கப்பட்டார். "பாவம், நொந்து வந்திருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் எதையும் கேட்கக் கூடாது. கொடுப்பது மட்டும்தான் நம் வேலை" என்று தண்டோரா போட்டார். நல்ல மனசுதான், யார் இல்லை என்றது?

ஊரார் கூடிக் குடிசை கட்டிக் கொடுத்தார்கள். தஞ்சம் வந்தவர்களில் ஒருத்தியான நீலாயி அடுப்பு மூட்டினாள். "இன்னும் இல்லை" என்றது அடுப்பு. துணிமணி கொடுத்தார்கள். "இன்னும் இல்லை" என்றது அடுப்பு. வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சோறும் பாலும் கொண்டுவந்தார்கள். "இன்னும் இல்லை, இன்னும் இல்லை" என்றது அடுப்பு.

ஐப்பசி பிறந்தது. மேகம் கறுத்தது. நீலாயியின் முழங்கையில் ஒரு வெள்ளைச் சிறகு முளைத்தது. முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். இவ்வளவு செய்தவர்களிடம் என்ன குறை சொல்வாள்?

பக்கத்து வீட்டு வடிவாம்பாளுக்கு வாயும் அதிகம், அவசரமும் அதிகம். அன்று அவள் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. இடுப்பிலோ குழந்தை. தண்டோராவாவது மண்ணாங்கட்டியாவது! நேரே நீலாயி வீட்டுக்குள் நுழைந்தாள்.

"அடி நீலாயி, இவனைக் கொஞ்சம் பாத்துக்கோ. மாட்டைப் புடிச்சுட்டு வந்துடறேன்."

"என்னை நம்பியா?"

"பின்னே, சுவரை நம்பியா விட்டுட்டுப் போவேன்?"

குழந்தையை மடியில் போட்டுவிட்டு ஓடினாள். அது பசியில் வீறிட்டது. நீலாயி பதறிப்போய்ப் பாலை அடுப்பில் வைத்து, பழக்கத்தில் ஒரு சுள்ளியைச் செருகி மூட்டினாள். குப்பென்று தீ பிடித்தது.

"வந்தாளே!" என்றது அடுப்பு. "கொடுக்க ஊரே வந்தது. கேட்க இவள் ஒருத்திதானே வந்தாள்!"

சிறகு உதிர்ந்தது. மாட்டோடு திரும்பிய வடிவாம்பாள் விஷயம் தெரிந்ததும் தெருவில் நின்று கத்தினாள்: "ஓடுங்கடி! ஆளுக்கொரு குடிசைக்குப் போய் ஏதாவது கேளுங்கடி! மழை வருது!"

ஒருத்தி முறம் கேட்டாள். ஒருத்தி நாற்று நட ஆள் கேட்டாள். ராஜா மூச்சிரைக்க ஓடிவந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். அடுப்புகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கடைசி அடுப்பும் பிடித்த பிறகுதான் மழை கொட்டியது. ஒருவரும் பறக்கவில்லை.

"எம்புள்ளைக்குப் பால்ல இவ்வளவு கருப்பட்டியா போடுவே?" என்று சண்டைக்கு வந்தாள் வடிவாம்பாள்.

"விட்டுட்டு ஓடினவ பேசக் கூடாது" என்றாள் நீலாயி.

அந்த ஊரில் அவள் போட்ட முதல் சண்டை அது. சொல்லிவிட்டு அவளுக்கே சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லையாம். நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள்.