சிவப்புக் காகிதம்

அன்று கோயில் முற்றத்தில் இருந்தவர்கள்: பிக்குணி மியோரின், தெருச் சங்கத் தலைவர் ஹிராதே, அவர் மனைவி, ஏழு வீடுகளிலிருந்து வீட்டுக்கு ஒருவராக ஏழு பேர், சங்கரன்கோவிலிலிருந்து பிழைப்புக்காக ஜப்பானின் நகோயாவுக்கு வந்த கோமதிநாயகம். ஆகப் பதினொரு பேர்.

நாயகம் மியோரினின் சீடர். குருவைவிட வயதில் மூத்தவர். சனிக்கிழமைகளில் வந்து அவர் முன் தியானத்தில் அமர்வார்.

ஆண்டுக் கடைசியில் தெருவார் கூடி, வெந்த அரிசியைக் கல்லுரலில் குத்தி மோச்சி உருண்டை பிடிப்பது வழக்கம். ஒருவர் மர உலக்கையால் குத்துவார். குத்துக்கும் குத்துக்கும் நடுவே இன்னொருவர் ஈரக்கையை உரலுக்குள் விட்டு மாவைப் புரட்டுவார்.

"வாருங்கள், நாயகம் சான்!" ஹிராதே மரியாதையோடு 'சான்' போட்டு அழைத்து உலக்கையை நீட்டினார்.

நாயகம் மூன்று குத்துக் குத்தினார். படம் எடுத்தார்கள். கைதட்டினார்கள்.

"அபாரம்! பிறவிக் கை! போதும், போதும். விருந்தாளி களைத்துப் போகலாமா?" ஹிராதே சிரித்தபடி உலக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

நாயகம் அடுப்பருகே இருந்த மியோரினிடம் போனார்.

"குருவே, கோபத்தை எப்படி விடுவது?"

"எந்தக் கோபத்தை?"

"ஒன்பது வருஷமாக மூன்றே குத்து. சாக்கடை வாருகிற ஞாயிற்றுக்கிழமை நான் விருந்தாளி இல்லை. குப்பைக் கூண்டைக் கழுவும்போது விருந்தாளி இல்லை. உலக்கையைத் தொட்டால் மட்டும் விருந்தாளி. ரயிலில் நின்றுகொண்டே வருவார்கள், என் பக்கத்து இடத்தில் உட்கார மாட்டார்கள்."

"சிரித்துக்கொண்டுதானே வாங்கினார்?"

"அதுதான் எரிகிறது. பிடுங்கியிருந்தால் நானும் பிடுங்கியிருப்பேன். கடைசியில் உருண்டையைத் தங்களுக்குள் பங்கு வைப்பார்கள். மிஞ்சியதைச் சிவப்புக் காகிதத்தில் சுற்றி எனக்குத் தருவார்கள். நானும் குனிந்து நன்றி சொல்வேன்."

"உலக்கையைத் திருப்பிக் கேட்டீர்களா?"

"கேட்டுத்தான் வாங்க வேண்டுமா?"

மியோரின் எழுந்தார். உரலருகே போய், புரட்டிக்கொண்டிருந்த ஹிராதேயின் மனைவியை எழச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் மண்டியிட்டார். கையை நனைத்து உரலுக்குள் வைத்தார்.

"நாயகம் சான், குத்துங்கள்."

ஹிராதே பதறினார். "அவர் முகத்தைப் பாருங்கள்! கோபமாக இருக்கிறார். உங்கள் கை என்ன ஆகும்?"

"ஒன்பது வருஷம் கழித்து இன்றைக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கிறீர்கள். உலக்கையைக் கொடுங்கள்."

நாயகம் ஓங்கிக் குத்தினார். மியோரினின் கை வெளியே வந்தது, உள்ளே போனது. இரண்டு பேரும் வேகம் பிடித்தார்கள். அப்போது உலக்கை உரலின் விளிம்பில் பட்டு, மரச்சில்லு மாவில் தெறித்தது.

"கண் எங்கே இருக்கிறது?" மியோரின் கத்தினார். "நடுவில் குத்தச் சொன்னால் கல்லை உடைக்கிறீர்கள்!"

"இடுப்பை வளையுங்கள், இடுப்பை!" ஹிராதேயும் கத்தினார். "கொக்கு மாதிரி நின்றால் எப்படி? சில்லு கிடக்கிற மாவை யார் தின்பது?"

"பொறுக்கித் தருகிறேன், கத்தாதீர்கள்!" என்று நாயகமும் கத்தினார்.

யாரும் கைதட்டவில்லை. நாயகம் சில்லுகளைப் பொறுக்கினார். மறுபடி குத்தினார். கடைசி ஈடு வரை உலக்கை அவர் கையில்தான் இருந்தது.

உருண்டைகள் மொத்தம் நூற்றுப் பதின்மூன்று. ஹிராதே எண்ணி முடித்து, "ஆளுக்குப் பதினொன்று. மீதி மூன்று" என்றார். சிவப்புக் காகிதத்தை எடுத்தார்.

நாயகம் குருவைப் பார்த்தார். குரு கையில் ஒட்டியிருந்த மாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எனக்கு அது வேண்டாம்" என்றார் நாயகம். "மிஞ்சியதை வாங்க நான் வரவில்லை. தலையை எண்ணுங்கள்."

ஹிராதே காகிதத்தைக் கீழே வைத்தார். ஒவ்வொருவராகச் சுட்டி எண்ணினார். கடைசியாக விரல் நாயகத்திடம் வந்து நின்றது.

"ஆளுக்குப் பத்து" என்றார்.

"போன வருஷம் எங்களுக்குப் பதினொன்று வந்தது" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

"போன வருஷம் தப்பாக எண்ணிவிட்டேன்" என்றார் ஹிராதே.

நாயகம் தம் பத்து உருண்டைகளை வாங்கிக்கொண்டார். பழக்கத்தில் முதுகு குனிந்தது.

மியோரின் அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்.

"பங்குக்கு யாரும் நன்றி சொல்வதில்லை."

தட்டில் மூன்று மீதி இருந்தது.