நெருப்பைப் பார்த்தபடி ஓடிய வண்டு

பூச்சியும் புழுவும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், சாணி வண்டு தங்க நிறமாக இருந்தது; நம்மைப் போல முன்னால் பார்த்துத்தான் நடந்தது. நம்பாவிட்டால் போங்கள், நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கோடை மதியம். அங்காயி என்ற குடியானவளின் கொல்லையில் முட்டையிட்டிருந்த அந்த வண்டுக்கு நிலம் முனகுவது கேட்டது.

“பசி தாங்கலடி வண்டு. எத்தனை வருஷமா என்கிட்ட விளைஞ்சதத் தின்னாங்க, திருப்பி ஒரு கவளம் போட்டாங்களா? வயிறு இறுகிக்கிட்டே வருது. இன்னைக்குப் பொழுது சாய்ஞ்சா நான் பாறைதான். உன் முட்டைங்க உள்ளேயே சமாதி.”

வண்டு விழுந்தடித்து அங்காயியின் வாசலுக்கு ஓடியது. அவள் வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அடுப்பு எரிந்தது.

“அக்கா, நெலம் பசியில கெடக்கு, அதுக்குப் போட ஒரு உருண்டை சாணி குடு. எம் புள்ளைங்க உசுரு அதுலதான் இருக்கு.”

“நான் என்னடி பண்ணுவேன்? இருக்கறதே இவ்வளவுதான். அடுப்பு கேக்குதே!”

அடுப்பிலிருந்து நெருப்பு எட்டிப் பார்த்தது. “சாணி எல்லாம் எனக்கு. ஒரு பொட்டு எடுத்துப் பாரு, தெரியும் சேதி!”

எடுத்தது வண்டு. பெற்ற வயிறு, வேறென்ன செய்யும்? ஒரு கட்டியைக் கிள்ளி உருட்டிக்கொண்டு ஓடியது.

நெருப்பு அடுப்பை விட்டுத் தாவியது. காய்ந்த புல்லைப் பற்றிக்கொண்டு படபடவென்று துரத்தியது. முன்னால் பார்த்து ஓடினால் பின்னால் வருவது எப்படித் தெரியும்? முதுகைச் சுட்டேவிட்டது. “ஆத்தே!” என்று துடித்த வண்டு சட்டென்று திரும்பி, நெருப்பை நேருக்கு நேர் பார்த்தபடி, பின்னங்கால்களால் உருண்டையைத் தள்ளியது. நெருப்பு இடப்பக்கம் பாய்ந்தால் இது வலப்பக்கம் போனது. உருண்டை சருகில் புரண்டது, பாறை உதிர்த்த கல்தூளில் புரண்டது, எல்லாம் ஒட்டிக்கொண்டு பெருத்தது. வண்டின் தங்க நிறம் மொத்தமும் கருகிப்போனது.

கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நிலத்தில் ஒரே ஒரு வெடிப்புதான் மிச்சம்.

“சீக்கிரம்டி, மூடுது!” என்றது நிலம்.

வண்டு உருண்டையை உள்ளே தள்ளி, தானும் விழுந்து, மேலே மண்ணை இழுத்துக்கொண்டது. தலைக்கு மேல் சீறிய நெருப்பு, உருண்டையைக் காணாமல் கொல்லையெங்கும் தேடியது.

நிலம் மென்று விழுங்கியது. “சாணியும் சருகும் கல்தூளுமா... அடடா, தனி ருசியா இருக்கே!” மண் மெல்ல இளகியது. முட்டைகள் அசைந்தன. வண்டு வாய்விட்டு அழுதது.

மழை விழுந்ததும் அங்கே சுரைக்கொடி ஓடியதைப் பார்த்த அங்காயி, “அடி ஆத்தி, கல்லாக் கெடந்த எடமா இது!” என்று வாயில் கை வைத்தாள். வேரடியைக் கிளறியபோது சாணியும் சருகும் கல்தூளுமாகக் கொஞ்சம் மிச்சம் கிடந்தது. அடுப்புக்குப் பாதி, மண்ணுக்குப் பாதி என்று சாணியைப் பிரித்தாள். மண்ணின் பங்கைச் சருகோடும் கல்தூளோடும் குழியில் போட்டு மூடினாள்.

அன்று பிடித்த நடையை வண்டு இன்றுவரை விடவில்லை. கருத்த உடம்போடு, வந்த வழியையே பார்த்தபடி, பின்னங்காலால் உருட்டிப் போய்ப் புதைக்கிறது. நெருப்புதான் போய்விட்டதே என்று சிரிக்காதீர்கள். எருக்குழிக்குள் கையை விட்டுப் பாருங்கள், சுடும். நெருப்பு இன்னும் அந்த உருண்டையைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறது.