சுவரோரம் தள்ளிய கருவி

"மேடம், நான் ஊருக்கே போயிடறேன்."

சங்கரலிங்கம் இதைச் சொன்னபோது ரஹிமா மேடம் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

மாணவரான சங்கரலிங்கத்துக்கு வயது நாற்பத்தாறு. வழிகாட்டியான மேடம் அவரைவிட இளையவர். கோவில்பட்டிக் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த மனிதர், விடுப்பு போட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்திருந்தார். விடுப்பு இன்னும் பாக்கி இருந்தது. தெம்புதான் பாக்கியில்லை.

"என்ன சார் ஆச்சு?"

"லேசரைக் கூட்டினாலும் அதே மேடு, குறைச்சாலும் அதே மேடு. என்னத்தை அளக்குறேன்னே தெரியல. அலுத்துப்போச்சு. மூணு மணி பஸ்ஸைப் பிடிக்கிறேன். இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்."

சொல்வதற்கு எளிய வேலைதான். கன ஹைட்ரஜன் ஏற்றிய தகட்டை லேசர் தாக்கும். தகடு பொசுங்கிப் பிளாஸ்மாவாகும். காந்தம் அதை உந்தி எதிர்த்தகட்டில் மோதவிடும். மோதலில் நியூட்ரான் பிறக்க வேண்டும். பிறந்தால், அதைப் பிடிக்கும் கருவி, அது வந்து சேர்ந்த நேரத்தில் திரைக்கோட்டில் ஒரு மேடு போட்டுக் காட்டும்.

வருஷக்கணக்காக அந்த மேட்டை நம்பித்தான் சங்கரலிங்கம் உயிர் வாழ்ந்தார்.

"போறதுக்கு முன்னாடி கருவியைக் கடைசிச் சுவரோரம் தள்ளி வைங்க."

"பக்கத்துல வெச்சே இந்த லட்சணம், மேடம்."

"தள்ளுங்க சார்."

ஈயக் கவசம் போட்ட கருவி. சக்கர வண்டியில் இருந்தும் இடுப்பு கழன்றது. தள்ளிவிட்டு, வெளியறைக்கு வந்து, கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினார்.

மேடு வந்தது. திரையில் அதே இடத்தில், அதே நேரத்துக்கு.

"தூரத்துல வெச்சா நியூட்ரான் வந்து சேர நேரமாகணுமே சார்," என்றார் மேடம்.

சங்கரலிங்கத்தின் முகம் வெளுத்தது.

"அப்ப இது காந்தத்துல மின்சாரம் பாயுற இரைச்சல்."

"ஆமா. நியூட்ரானுக்கு முந்தி வந்து நிக்கிற முந்திரிக்கொட்டை."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை காலம் ஓர் இரைச்சலுக்குப் பொட்டு வைத்துப் பூ வைத்துக் கும்பிட்டிருக்கிறார். கோபம்கூட வரவில்லை. அழுகைதான் வந்தது.

மேடம் திரையைப் பார்த்தார்.

"ஏன் பதிவு நேரத்தை இவ்வளவு நறுக்கா வெச்சிருக்கீங்க?"

"மேடு பெருசாத் தெரியணும்னுதான். அது முடிஞ்சதும் பதிவு நின்னுடும்."

மேடம் பதிவு நேரத்தை நீட்ட ஒரு குமிழைத் திருப்பினார்.

"இப்ப லேசரைச் சுடுங்க."

மேடு வந்தது. அதற்குப் பின்னால் வெறும் கோடு. கோட்டின் கடைக்கோடியில் சின்னதாய் ஒரு புடைப்பு. எறும்பு தள்ளிய மண் அளவுகூட இல்லை.

"இதுவும் இரைச்சலா இருந்தா, மேடம்?"

மேடம் டீயை எடுத்தார். ஆறிப்போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்தார்.

சங்கரலிங்கம் எழுந்து உள்ளே போனார். கருவியைப் பாதி தூரத்துக்கு இழுத்து வைத்தார். திரும்பி வந்து சுட்டார்.

பெரிய மேடு இருந்த இடத்திலேயே இருந்தது. சின்னப் புடைப்பு மட்டும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது.

தூரம் குறைந்ததும் அது சீக்கிரம் வந்துவிட்டது; இரைச்சல் அப்படி நகராது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கதவைத் திறந்தார். உள்ளே வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது.

"சார், பஸ்ஸுக்கு நேரமாச்சே?"

"அது முந்திப் போகட்டும் மேடம்."