ராணி வெட்டாமல் விட்ட வால்

முன்னொரு காலத்தில், சிரிப்பையே மறந்துபோன ஒரு ராஜா இருந்தார். அவருடைய ராணி செங்கமலம், அரண்மனைத் தோட்டத்தில் ஆள் உயரப் புதர் ஒன்றைத் தன் கையாலேயே கத்தரித்துக் கத்தரித்து மயிலாக்கி வைத்திருந்தாள். திடீரென்று ஒரு காய்ச்சல், போய்விட்டாள். "அந்தச் செடியை யாரும் தொடக் கூடாது" என்று ராஜா கட்டளை போட்டார்.

இரண்டு வருஷத்தில் மயில் உப்பி, கழுத்து காணாமல்போய், வெறும் புதராகிவிட்டது. ராஜா தினமும் சாயங்காலம் அதன் எதிரே தனியாக உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் போக யாருக்கும் தைரியம் கிடையாது.

ஒருநாள் சபையில் சொன்னார்: "எனக்கு அந்த மயில் திரும்ப வேண்டும். ஆனால் செங்கமலம் பார்த்த ஓர் இலையைக்கூட வெட்டக் கூடாது."

சபையில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மந்திரி வச்சிரநாதருக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரே குஷி. அரசவை விகடன் பூவராகனைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"நம்ம பூவராகனால ஆகாத காரியம் உண்டா மகாராஜா? அவனே செய்யட்டும். முடியலேன்னா நாடு கடத்திடலாம்."

"அப்படியே ஆகட்டும்."

"என்மேல உங்களுக்கு இவ்வளவு பாசமா மந்திரியாரே!" என்றான் பூவராகன். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த ஊரை விட்டால் அவனுக்குப் போக்கிடமும் இல்லை.

மறுநாள் காலை புதருக்குள் தலையை நுழைத்தான். உள்ளே பார்த்தால், கத்தரி பட்ட கிளை நுனியெல்லாம் காயம் ஆறி மொட்டையாக நின்றன. புதுத் தளிர்கள் பக்கத்திலிருந்துதான் கிளம்பி வெளியே நீண்டிருந்தன. ராணி கடைசியாக வெட்டிய இடம் எதுவோ, அதுவரைக்கும் மட்டும் வெட்டிக்கொண்டே போனான். கழுத்து வந்தது. கொண்டை வந்தது. மதியத்துக்குள் மயில் நின்றது.

மந்திரி ஓடிவந்தார். "பாருங்க மகாராஜா! கூடை கூடையா இலையை வெட்டிக் குவிச்சிருக்கான்!"

"குவிச்சேன் மகாராஜா," என்றான் பூவராகன். "ராணியம்மா விட்ட எல்லைக்கு வெளிய முளைச்சது மட்டும்தான். இதுல ஒரு இலையையும் அவங்க பார்த்ததே இல்ல. எல்லாம் அவங்க போனப்புறம் பொறந்தது."

ராஜா கிட்டே போய், மொட்டை நுனிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். மயிலின் இடது பக்க வாலில் கை நின்றது. அங்கே மட்டும் புதர் சடைசடையாகத் தொங்கியது.

"இதை ஏன் விட்டாய்?"

"அங்க வெட்டுன தடமே இல்ல மகாராஜா. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த அன்னிக்கு வேலை அந்த இடத்துல நின்னிருக்கு. அதுல கை வைக்க எனக்கு உரிமையில்ல."

கத்தரியை ராஜாவிடம் நீட்டினான்.

ராஜா அதை வாங்கி, பழக்கமில்லாத கையால் சரக் சரக்கென்று வெட்டினார். ஓரமெல்லாம் கோணல்மாணல்.

"மகாராஜா! ராணியம்மா வச்சது மயிலு. நீங்க அதுக்குக் கோழி வால் ஒட்டிட்டீங்களே!" என்றான் பூவராகன்.

ராஜா திரும்பிப் பார்த்தார். வாலைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சமையல்கட்டில் இருந்தவர்கள்கூட ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள்.

அப்புறம் தன் முத்துமாலையைக் கழற்றிப் பூவராகன் கழுத்தில் போட்டார். "சாயங்காலம் வந்துடு. வாலைச் சரிபண்ணணும்," என்றார்.

வெட்டிய இலையைக் கூட்டி அள்ளும் வேலை? அது மந்திரிக்கு.